பாலம் மூடும் முன்னே

பினாங்குப் பாலத்தில் மாரத்தான் ஓடப் பெயர் கொடுத்த தம்பி தங்கைகளே, 42 கிலோமீட்டர் ஓட்டம் அதிகாலை 1.30க்கே தொடங்கிய ஆண்டுகள் உண்டு. ஞாயிறு ஓட்டம் என்றால் சனி இரவே கிளம்பணும், மதியம் தூங்கிடுங்க.

பிறை, பட்டர்வொர்த் பிள்ளைகளுக்குத்தான் சிக்கல். 1985இல் திறந்த 13.5 கிலோமீட்டர் பாலமே ஓடும் பாதை. ஓட்டத்துக்காக அதை மூடிவிடுவார்கள். பிந்தினால் பத்து காவான் போய், 24 கிலோமீட்டர் நீள இரண்டாவது பாலத்தில் சுற்றி வரணும். ஓடுறதுக்கு முன்னாலேயே மனசு களைச்சிடும்! மூடும் நேரத்தை அறிவிப்பில் பார்த்து, ஒரு மணி நேரம் முன்பே தீவுக்குள் வந்துவிடுங்கள்.

ஓடாத ஒருவரையும் கூட்டி வாங்க. இரவெல்லாம் விழித்து ஓடியவர் திரும்பும்போது கார் ஓட்டவே கூடாது.