கண்டதும் கேட்டதும்: சாட்சிக் கூண்டேறுவோருக்கு

விளாத்திகுளம் கோர்ட்டு வாசலில் வாய்தாவுக்குக் காத்து நிற்கும் கரிசல்காட்டு ஜனங்களிடம் வழக்கைப் பற்றி விசாரித்தால், அது வண்டிப்பாதைத் தகராறானாலும் வெட்டுக்குத்தானாலும், தாம் கண்ணால் கண்டதையும் அண்ணாச்சி சொல்லக் கேட்டதையும் ஊரார் பேசிக்கொண்டதையும் ஒன்றாகக் கலந்தே சொல்வார்கள். அதில் வஞ்சகம் ஏதுமில்லை. ஊர் வாழ்க்கையில் அறிவு அப்படித்தான் வந்து சேருகிறது. நீதிஸ்தலத்திலோ, கண்டவனே வந்து சத்தியப் பிரமாணம் செய்து குறுக்கு விசாரணைக்கு உட்பட்டாலொழிய அவன் கண்டது சாட்சியமாகாது. அமாவாசை இருட்டா, வேலிக்கருவை மறைத்ததா, முன்விரோதம் உண்டா என்று, வராதவனிடம் யார் கேட்பது? 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 60ஆம் பிரிவாக இருந்த இவ்விதி, 2024 ஜூலை 1 முதல் அமலிலுள்ள பாரதிய சாக்ஷிய அதிநியமத்தில் 55ஆம் பிரிவாக இருக்கிறது.

ஆகையால் சம்மன் கைக்கு வந்ததும் முதற்காரியமாக, நீங்கள் சொல்லப்போவதில் கண்ணால் கண்டது எது, காதால் நேரே கேட்டது எது, பிறர் வந்து சொல்லித் தெரிந்துகொண்டது எது என்று மூன்றாகப் பிரித்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மூன்றாவது வகைக்கு எதிரே, சொன்னவர் யார், உயிரோடிருக்கிறாரா, இப்போது எங்கே இருக்கிறார் என்றும் குறியுங்கள். ‘அவன்தான் வெட்டினான்’ என்று உறுதியாகச் சொன்னவர், ‘நீர் பார்த்தீரா?’ என்ற ஒரே கேள்விக்கு ‘பார்க்கலைய்யா, அண்ணாச்சி சொன்னாக’ என்று பதில் சொல்ல நேர்ந்தால், அவர் மெய்யாகவே கண்டதும் சந்தேகத்துக்கு உள்ளாகிவிடும்.

அடுத்தபடியாக, மூன்றாவது வகையைத் தள்ளிவிடுமுன், அந்தப் பேச்சை எதன்பொருட்டுச் சொல்லப்போகிறோம் என்று யோசிக்க வேண்டும். 1955 ஏப்ரலில் மலாயாவின் ஜொகூர் ராஜ்யத்தில் காயப்பட்ட நிலையில் பாதுகாப்புப் படையினரிடம் அகப்பட்ட சுப்பிரமணியம் என்பவரின் இடுப்பு வாரில் 20 தோட்டாக்கள் இருந்தன. அவசரகால விதிகளின்படி அது மரண தண்டனைக்குரிய குற்றம். பயங்கரவாதிகள் தம்மைப் பிடித்துவைத்து மிரட்டியதாக அவர் வாதாடினார். ஆனால் அவர்கள் என்ன சொல்லி மிரட்டினார்கள் என்று அவர் சொல்லப் புகுந்தபோது, அது கேள்விச் சாட்சியம் என்று விசாரணை நீதிபதி தடுத்து, தூக்குத் தண்டனையும் விதித்தார். 1956இல் லண்டன் பிரிவி கவுன்சில், இலங்கையரான எல்.எம்.டி. டி சில்வா வழங்கிய தீர்ப்பின் மூலம் அத்தண்டனையை ரத்துச் செய்தது. பிறர் சொன்ன சொல் உண்மை என்று நிரூபிக்க அதை எடுத்துரைத்தால் அது கேள்விச் சாட்சியம். அப்படி ஒரு சொல் சொல்லப்பட்டது என்பதை மட்டும் காட்ட எடுத்துரைத்தால் ஏற்கத்தக்கது என்பது அதன் சாரம். மிரட்டியவர்கள் சொன்னது நிஜமா என்பதல்ல, அதைக் கேட்டவர் அஞ்சினாரா என்பதே அங்கே பிரச்சினை. இந்தப் பேதத்தை அறியாத காரணத்தால் ஒருவர் தூக்குமேடை வரை போயிருந்தார் என்பதை நினைக்கையில், இதை ஒவ்வொரு சாட்சியும் நிதானமாக உணர்ந்துகொள்ள வேண்டும் என்றே நான் கருதுகிறேன்.

கேள்விச் சாட்சியம் கூடாது என்ற விதிக்குச் சில விலக்குகளும் உண்டு. சம்பவத்தோடு சம்பவமாக எழுந்த கூக்குரல், எதிராளியே பஞ்சாயத்தில் ‘கடன் வாங்கினது மெய்தான்’ என்று ஒப்புக்கொண்டது ஆகிய இரண்டையும் கேட்டவர் தாராளமாகச் சொல்லலாம். ஆனால் குற்றஞ்சாட்டப்பட்டவர் போலீசாரிடம் செய்த ஒப்புதல் ருசுவாகாது.

சொன்னவர் மாண்டுபோயிருந்தால் அதிநியமத்தின் 26ஆம் பிரிவைப் பார்க்க வேண்டும். மரண வாக்குமூலம் அதில் தலையானது. வெட்டுப்பட்டவரோ தீப்பட்டவரோ ஆஸ்பத்திரியில் கிடக்கையில் அருகிலிருக்க நேர்ந்தால், தாமதமின்றி டாக்டரிடம் சொல்லி, மாஜிஸ்திரேட்டை வரவழைக்கக் கோருங்கள். அதற்குள் உயிர் பிரியுமென்று தோன்றினால், ‘ஓடைக்கரையில வச்சு வெட்டிட்டான்’ என்று அவர் சொன்னால் அதையே, இலக்கணம் திருத்தாமல், நேரத்தோடு எழுதிவையுங்கள். பெயரை நீங்கள் எடுத்துக்கொடுக்கவே கூடாது. பேச்சு வராவிடில் சைகையும் செல்லும். கழுத்தறுபட்ட ஒரு பெண் கையசைத்துக் காட்டியதை 1885இலேயே அலகாபாத் ஹைகோர்ட்டு ஏற்றது. சுயநினைவோடு இருந்தார் என்று டாக்டர் சான்று தருவது நலம். எனினும், பதிவு செய்தவருக்கே அதில் திருப்தி இருந்தால், சான்று இல்லாத ஒரே காரணத்தால் வாக்குமூலம் விழாது என்று 2002இல் லக்ஷ்மண் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு தீர்மானித்தது. சாவை எதிர்பார்த்துத்தான் பேசியிருக்க வேண்டுமென்ற இங்கிலாந்து நிபந்தனை இங்கே கிடையாது. அவர் பிழைத்துக்கொண்டாலோ, அவரே கூண்டேற வேண்டும். முன் சொன்னது அவர் சாட்சியத்துக்குத் துணையாகவோ முரணாகவோ மட்டுமே பயன்படும்.

கரிசல் பூமியில் கொலையைவிட அதிகமாகக் கோர்ட்டுக்கு வருவது நிலமும் நீரும் என்பதால், இன்னொன்றையும் சொல்லவேண்டும். கண்மாய் மடையில் எவருக்கு முறை, மந்தைவெளி எதுவரை என்பன போன்ற பொது உரிமைகளையும் வழக்கத்தையும் பற்றியும், வம்ச உறவைப் பற்றியும், அறிந்திருக்கக்கூடிய மூதாதையர் சொல்லிச் சென்றது, தகராறு எழுவதற்கு முன் சொல்லப்பட்டிருந்தால் ஏற்கப்படும். ஆகவே தாத்தா என்ன சொன்னார் என்பதோடு, எந்த வருஷத்தில், எந்தச் சந்தர்ப்பத்தில் சொன்னார் என்பதையும் நினைவுகூர்ந்து வக்கீலிடம் தெரிவியுங்கள்.

பருத்தி, மிளகாய் வியாபாரத்தில் ஒழுங்காக எழுதிவந்த பேரேடு 28ஆம் பிரிவின்படி செல்லும். ஆயினும் பேரேட்டை மட்டும் கொண்டு ஒருவன்மேல் பாக்கி ஸ்தாபிக்க முடியாதாகையால், சிட்டையையும் சரக்கு ஏற்றிய ரசீதையும் உடன்வைத்துக்கொள்ளுங்கள். செல்போன் பதிவுக்கு 63ஆம் பிரிவுச் சான்றிதழ் அவசியம்.

கடைசியாக, உங்கள் தாளில் ‘பிறர் சொன்னது’ என்று நின்றவற்றுள் இவ்விலக்குகள் எதிலும் அடங்காதவற்றை எடுத்துக்கொண்டு, நேரில் கண்டவருடைய பெயரையும் விலாசத்தையும் விசாரணைக்கு வெகுமுன்பே வக்கீலிடமோ, குற்ற வழக்காயின் அரசு வக்கீலிடமோ கொடுத்துவிடுங்கள். மழை பொய்த்துப் பிழைப்பைத் தேடித் திருப்பூருக்குப் போனவராயிருந்தாலும் அவருக்கும் சம்மன் போகும். இப்போதைய குற்ற நடைமுறைச் சட்டப்படி, குறித்த இடத்தில் அமர்ந்து காணொலி வழியாகவே அவர் சாட்சி சொல்லவும் கோர்ட்டு அனுமதிக்கலாம்.