அடிபம்பும் பதினாறு கட்டமும்

நம் சிலபஸில் இல்லாத ஒரு பாடத்தை எழுதுகிறேன். பேர் 'லாஜிக்கல் ஃப்ரேம்வொர்க்'. பேரைக் கேட்டுப் பயந்துடாதீங்க. ஒரு தாளில் நாலு வரிசை, நாலு பத்தி, ஆக பதினாறு கட்டம், அவ்வளவுதான். 1969-ல் அமெரிக்காவின் யு.எஸ்.எய்டு அமைப்புக்காக உருவானது. பணம் செலவாகிறது, வேலையும் நடக்கிறது, ஆனால் திட்டம் ஜெயித்ததா என்று சொல்ல முடியவில்லை என்பதுதான் அவர்களுக்கு இருந்த தலைவலி. 1980களில் ஜெர்மனியின் ஜி.டி.இசட். இதையே சம்பந்தப்பட்டவர்கள் எல்லாரும் கூடி உட்கார்ந்து நிரப்பும் முறையாக வளர்த்தது.

பிராஜெக்டுக்காக சார் இதைப் போர்டில் போட்டபோது எனக்கு எங்கள் தெரு அடிபம்புதான் ஞாபகம் வந்தது. கீழ் வரிசையில் செயல்கள்: போர் போடுவது, பம்பு மாட்டுவது. அதற்கு மேலே கைக்குக் கிடைக்கும் பலன்: ஓடுகிற பம்பு. அதற்கும் மேலே நோக்கம்: வருஷம் பூரா தெரு ஜனம் அந்தத் தண்ணீரையே குடிப்பது. உச்சியில் இலக்கு: பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு குறைவது. ஒவ்வொன்றுக்கும் எதிரே அளவுகோல், அதைச் சரிபார்க்கும் ஆதாரம், கடைசியாக அனுமானம். கீழிருந்து மேலே படிக்க வேண்டும். இதைச் செய்து, அந்த அனுமானமும் பலித்தால், மேலே உள்ளது நடக்கும்.

அந்த நாலாவது பத்தியில்தான் விஷயமே இருக்கிறது. நான் பத்தாவது படித்த வருஷம், தை மாதம் எங்கள் பம்பு நின்றது. உள்ளே வாஷர் போச்சு. அப்பா மூணு தடவை மனு கொடுத்தார். "வண்டி வரும்" என்றார்கள். ஆனி வரை வரவில்லை. அம்மாவும் நானும் காட்டுக் கிணற்றுக்கு நடந்தோம். கணக்குப் பரீட்சை அன்றும் ரெண்டு குடம் கொண்டுவந்து வைத்துவிட்டுத்தான் ஹால் டிக்கெட்டை எடுத்தேன். அத்தனை நாளும் ரிஜிஸ்டரில் 'பம்பு 1, நிறுவப்பட்டது' என்றுதான் இருந்தது. அது பொய்யும் இல்லை. எண்ணியது பம்பை, தண்ணீரை அல்ல. 'பழுதானால் 3 நாளுக்குள் ஓட வேண்டும்' என்பதுதான் அளவுகோல். அதற்கு ஆதாரம் ரிஜிஸ்டர் இல்லை, எங்கள் வீட்டுக் குடம்.

இது எங்கள் தெருக் கதை மட்டுமல்ல. வீட்டு உபயோகத்துக்கு வந்த வார்ப்பிரும்பு பம்பை ஊரே அடித்ததில் 1970களில் நாடு முழுக்க பம்புகள் உடைந்து கிடந்தன. போர் போட்டவர்கள் 'பம்பு தாங்கும்' என்று அனுமானித்திருந்தார்கள். யுனிசெஃப் உதவியோடு எஃகில் 'இந்தியா மார்க் டூ' வந்தது அதற்குப் பிறகுதான். அது நன்றாகத் தாங்கியது. ஆனால் ஒரு வாஷர் மாற்றக்கூட உள்ளே இறங்கிய குழாய் முழுவதையும் மேலே தூக்க வேண்டும். அதற்கு வண்டி வர வேண்டும், ஆள் வர வேண்டும். மறுபடி ஒரு அனுமானம்! 1980களில் கோவை வட்டாரத்தில் நடந்த சோதனைகளிலிருந்து 'மார்க் த்ரீ' பிறந்தது. குழாயை அகலமாக்கிவிட்டதால், குழாய் கிணற்றிலேயே இருக்க பிஸ்டனை மட்டும் மேலே உருவிவிடலாம். பலிக்காத அனுமானத்தை நாலாவது பத்தியிலிருந்து பிடுங்கி, நாம் செய்ய வேண்டிய வேலையாக மாற்றினார்கள். எனக்குப் புரிந்தவரை லாக்ஃப்ரேமின் உபயோகமே இதுதான்.

ஒன்று சொல்லியாக வேண்டும். ஃபேன் காற்றில் உட்கார்ந்துகொண்டே பதினாறு கட்டத்தையும் அழகாக நிரப்பிவிடலாம். நானே அப்படித்தான் நிரப்பினேன், எங்கள் பம்பை மார்க் த்ரீயாக மாற்றும் திட்டத்துக்கு. எங்கள் வீட்டில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அந்தப் பெருமையில் அம்மாவுக்கு முழுசும் படித்துக் காட்டினேன். அடுப்பை ஊதிக்கொண்டே கேட்டுவிட்டு, "எல்லாம் சரி பாப்பா, வாஷர் மாத்துற ஆளு யாருன்னு இதுல எங்க எழுதியிருக்க?" என்றார். எந்தக் கட்டத்திலும் இல்லை!

பென்சிலால் ஒரு செயல் சேர்த்தேன்: தெருவிலேயே இரண்டு பேருக்குப் பழுது பார்க்கக் கற்றுக்கொடுப்பது. அனுமானக் கட்டத்தில் 'ஸ்பானர் செட்டும் வாஷரும் கிடைக்கும்' என்று எழுதினேன். சார் பார்த்துவிட்டு, "இது அனுமானம் இல்லம்மா, செயல். கீழே இறக்கு" என்றார். இறக்கிவிட்டேன். எஸ்டிமேட்டில் ஸ்பானர் செட்டுக்கு ஒரு வரி கூடியிருக்கிறது.