கோப்பை கழுவினவனின் பனிப் புத்தி

பேசாலை,
மன்னார்.

அன்புள்ள மருமகனுக்கு,

பிள்ளைகளை முதன்முதலாகச் சினோவுக்கு, அதுதான் பனிச்சறுக்குக்கு, கூட்டிப்போக நினைக்கிறாயாம், மாமாவைக் கேட்டால் இடம் சொல்வார் என்றாயாம். உன் அம்மா சொன்னா. பிழையான ஆளிடம் கேட்டிருக்கிறாய். சுவிஸில் பத்தொன்பது மாரி மலையடி ஹோட்டலில் கோப்பை கழுவினவன் நான். ஒரு நாளும் ஸ்கீயில் கால் வைத்ததில்லை. எனக்குச் சினோ என்பது விடிய ஐந்து மணிக்கு வாசலில் இருந்து வழித்துத் தள்ளுகிற சாமான்.

கால் முறிந்தால் வேலை போய்விடும் என்ற பயம்தான். பிறகுதான் ஒருவர் விளங்கப்படுத்தினார்: ஒரே முதலாளியிடம் கிழமைக்கு எட்டு மணித்தியாலமாவது வேலை செய்தால், வேலைக்கு வெளியே நடக்கும் விபத்துக்கும் காப்புறுதி உண்டு. அதற்கான காசு மாதாமாதம் என் சம்பளத்தில்தான் வெட்டுப்பட்டிருக்கிறது. உனக்கும் வெட்டுப்படும், சம்பளச் சீட்டைப் பார். பிள்ளைகளுக்கு நோய்க்காப்புறுதிக்குள் விபத்தும் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டு வை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். என் மகன் படிக்கிற காலத்தில் பள்ளிக்கூடம் ஒரு கிழமை ஸ்கீ முகாமுக்குக் கூட்டிப்போனது. காசையும் பயத்தையும் யோசித்து, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ரீச்சருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். காய்ச்சல் இல்லாத பிள்ளை ஒரு கிழமை வீட்டில் இருந்து ரீவி பார்த்தான். கலியாணம் கட்டின பிறகும் அதைச் சொல்லிக்காட்டுகிறான். கட்டாய முகாம்களுக்குப் பெற்றோரிடம் சாப்பாட்டுக் காசு மட்டும், நாளுக்கு 10 முதல் 16 பிராங்தான், வாங்கலாம் என்று 2017 டிசம்பரில் சுவிஸ் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. உனக்கு அப்படி ஒரு கடிதம் எழுத வேண்டி வராது.

இடம் ஹாஸ்லிபெர்க். பேர்னில் இருந்து இன்டர்லாக்கன் வழியாக மைரிங்கன், அங்கிருந்து கேபிள் காரில் றொய்ற்றி, பிறகு பிட்மி. பிட்மி ஏறத்தாழ 1,400 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. பழகுகிற சிறுவர்களுக்கென்று தனி இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். மேலே ஏற்றிவிட ஓடுகிற றப்பர்ப் பட்டி ஒன்று உண்டு. அதற்கு மாயக் கம்பளம் என்று பெயர்! முதல் நாள் அதைத் தாண்டிப் போகாதே. சுவிஸில் நீலம், சிவப்பு, கறுப்பு என்று சரிவுகளுக்கு நிறம் வைத்திருக்கிறார்கள். நீலம்கூட உனக்கு இரண்டாம் நாள்தான். முழு மலைக்கும் ரிக்கற் எடுக்க வேண்டாம், பழகுகிற சரிவுக்கு மட்டும் தனிச் சீட்டு இருக்கிறதா என்று கேள். பெப்ரவரி விளையாட்டு விடுமுறையில் அந்தப் பக்கமே போகாதே. முதல் நாளுக்குத் தை மாதத்துச் சனிக்கிழமை ஒன்று போதும். 30 பிராங் ஜூனியர் கார்ட் எடுத்தால் உன்னோடு வரும் பிள்ளைக்கு வருடம் முழுக்க ரயில் இலவசம்.

ஸ்கீ, சப்பாத்து, தலைக்கவசம் எல்லாம் வாடகைக்கு எடு. எங்கள் ஆட்கள் ஜீன்ஸ் போட்டுக்கொண்டு போய், விழுந்து நனைந்து, மத்தியானத்துக்குள் நடுங்கிக்கொண்டு திரும்புவார்கள், எத்தனை பேரைப் பார்த்திருப்பேன்! பருத்தி உடுப்பு உடம்பில் ஒட்டவே கூடாது. சப்பாத்துக்குள் ஒரே ஒரு மெல்லிய நீளக் காலுறை. இரண்டு போட்டால் கால் இறுகி விறைத்துப்போகும். சினோ வெயிலை ஐந்தில் நாலு பங்கு வரை திருப்பி அடிக்கும், முகத்துக்குக் கிறீமும் கண்ணுக்குக் கண்ணாடியும் மறக்காதே. மேலே சாப்பாடு ஆனை விலை. ரொட்டியும் கட்டைச் சம்பலும் கட்டிக்கொண்டு போ. புட்டு வேண்டாம், குளிரில் கல்லாகிவிடும்.

காற்றைப் பற்றி மட்டும் நான் தைரியமாகப் புத்தி சொல்லலாம். இங்கே சோளகக் காற்றுத் தூக்கினால் நாங்கள் தென்கடலுக்கு வள்ளம் இறக்க யோசிப்போம். அந்தக் கரையில் நிற்கிற காற்றாலைகளைப் பார்த்தாலே அதன் வேகம் தெரியும். மைரிங்கன் பள்ளத்தாக்குக்கும் ஒரு சோளகம் உண்டு, பெயர் ஃபோன். மலை தாண்டித் தெற்கிலிருந்து சூடாக இறங்கும். 1891 ஒக்டோபரில் மைரிங்கன் ஊரையே ஏறத்தாழ முழுதாக எரித்துவிட்ட காற்று அது. காற்றுக் கடுமையென்றால் கேபிள் காரையும் நிறுத்துவார்கள். போகிறதுக்கு முதல் நாள் இரவும், போகிற அன்று விடியவும் காற்றைப் பார்த்துவிட்டு வெளிக்கிடு. கடுமையென்றால் ரிக்கற் காசு போனால் போகட்டும், வீட்டில் நில்.

சரிவில் ஒரு சட்டம்: முன்னால் போகிறவனுக்குத்தான் வழி, பின்னால் வருகிறவன்தான் விலத்த வேண்டும். பிள்ளைகளுக்கு இதை வீட்டிலேயே சொல்லிக்கொடு.

பிள்ளைகளை ஸ்கீப் பள்ளியில் விட்டுவிட்டு, நீயும் மனிசியும் கீழே கோப்பி குடித்துக்கொண்டு போனில் படம் எடுக்கிற வேலை வைத்துக்கொள்ளாதே. பெரியவர்களுக்கும் வகுப்பு உண்டு, உங்கள் இரண்டு பேரின் பெயரையும் பதி. நாலு வயதுப் பிள்ளைகள் உன்னைத் தாண்டிப் போகும், வெட்கமாகத்தான் இருக்கும். விழு.

நீ விழுந்து கிடக்கிற படம் ஒன்றைச் சின்னவனைக் கொண்டு எடுப்பித்து எனக்கு அனுப்பு.

அன்புடன்,
மாமா