சார்மினாரின் சுதைப் பூக்கள்

ஐதராபாத்தின் பழைய நகரில், நான்கு பெருவீதிகள் கூடும் சதுக்கத்தின் நடுவே நிற்கிறது சார்மினார். இதனை வெறும் அலங்கார வளைவு என எண்ணுவோர் பலர். இதன் மேல்தளம் ஒரு பள்ளிவாசல் ஆகும். கோல்கொண்டாக் கோட்டையில் நெரிசலும் தண்ணீர்த் தட்டுப்பாடும் மிகுந்ததால், 1591-ஆம் ஆண்டில் முகம்மது குலி குதுப் ஷா மூசி ஆற்றின் தென்கரையில் புதிய தலைநகரை நிறுவி, அதன் மையமாக இக்கட்டடத்தை எழுப்பினார். கொள்ளைநோய் நீங்கியதற்கு நன்றியறிதல் என்பது செவிவழிச் செய்தி. ஹிஜ்ரி ஆயிரமாம் ஆண்டை ஒட்டி எழுந்தது என்போரும் உளர். வழிபாட்டிடம், வீதி, அங்காடி ஆகிய மூன்றையும் ஒரே புள்ளியில் இணைத்த நகரத் திட்டம் என்பதே மாணவர்கள் இதில் முதன்மையாகக் கருதத்தக்கது. அருகிலுள்ள லாட் பஜாரின் வளையல் கடைகள் இன்றும் அதற்குச் சான்று.

ஒவ்வொரு பக்கமும் சுமார் 20 மீட்டர் நீளமுள்ள சதுரம்; பக்கத்திற்கு ஒரு பெருவளைவு; மூலைகளில் ஏறத்தாழ 56 மீட்டர் உயர மினார்கள். நான்கு திசை நோக்கிய கடிகாரங்கள் 1889-இல் சேர்க்கப்பட்டவை. கட்டுமானம் கருங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். அழகு முழுவதும் சுதையில் உள்ளது: வளைவுகளின் தோள்களில் வட்டப் பூக்கள், மினார்களைச் சுற்றிய மாடங்கள், உச்சிக் குமிழ்களைத் தாங்கும் இதழ்கள். கல்லைச் செதுக்குவதைவிட ஈரச் சுதையை வனைவது விரைவானது. ஆயினும் கை தவறினால் காய்ந்தபின் திருத்த இயலாது.

இச்சுதைக்கு மழைநீரே பெரும் பகை. விரிசல் வழியே புகும் நீர் உட்பூச்சைக் கல்லிலிருந்து பிரிக்கிறது. 2019 மே மாதத்தில் ஒரு மினாரிலிருந்து சுதைப் பகுதி பெயர்ந்து விழுந்தது. இத்தகைய இடங்களைச் சிமெண்டால் பூசுவது எளிது, விளைவோ கேடு. சிமெண்ட் ஈரத்தை உள்ளேயே அடைத்து, உப்பு பூக்கச் செய்து, அடுத்திருக்கும் பழைய பூச்சையும் உதிர்க்கும். சுண்ணாம்போ ஈரத்தை வெளியே விடும். ஆனால் நீற்றவும், ஊறவைக்கவும், கடுக்காயும் வெல்லமும் கலந்து அரைக்கவும் நாட்கள் பிடிக்கும். நிதியாண்டு முடிவதற்குள் செலவை முடிக்க விரையும் மதிப்பீட்டில் இந்நாட்களுக்கு இடமிருப்பதில்லை. பொருளுக்கு ஒதுக்கும் தொகையைப் போலவே, கைதேர்ந்த சுதைக் கொத்தர்களின் கூலிக்கும் பயிற்சிக்கும் தனித் தலைப்பில் ஒதுக்கீடு செய்தல் வேண்டும்; அக்கொத்தர் இல்லையெனில் நல்ல சுண்ணாம்பும் மூட்டையிலேயே கிடக்கும்.