கேட்கத் தயங்காதீர்கள்

சில வருடங்களுக்கு முன்னர், நான் பணியாற்றிய பங்கொன்றில், மாலைப் பூசை முடிந்ததும் ஒரு தோட்டக்காரர் என்னிடம் வந்தார். கோயிலுக்குத் தரவேண்டியிருந்த சிறு பாக்கியைக் கையில் தந்து, "சுவாமி, இனி என்னால உங்களுக்குக் கரைச்சல் இல்லை" என்றார். மாதக்கணக்காக முகம் வாடித் திரிந்தவர் அன்று அமைதியாகக் காணப்பட்டார். கடன் தொல்லை தீர்ந்துவிட்டதாக்கும் என எண்ணி, மகிழ்ச்சியோடு ஆசீர் கொடுத்து அனுப்பிவிட்டேன். தமது கைக்கடிகாரத்தை அவர் மருமகனுக்குக் கொடுத்திருந்தது பின்னரே எனக்குத் தெரியவந்தது. அன்றிரவு அவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் சென்றார்கள். ஆண்டவருடைய இரக்கத்தால் பிழைத்துக்கொண்டார். நான் கட்டிலருகே இருந்தபோது அவர் சொன்னது: "சுவாமி, நீங்கள் ஒருக்கால் கேட்டிருந்தால் சொல்லியிருப்பன்."

அந்த ஒரு வார்த்தைதான் இவ்வாரம் நாம் படிக்கவேண்டிய பாடம்.

அடையாளங்கள் எவை?

"சாகப்போறன் எண்டு சொல்லுறவன் சாகான்" என நம்மவரிற் பலர் நம்புகின்றனர். இது தவறு. தற்கொலை செய்தவர்களிற் பலர் முன்னரே யாரிடமாவது அதைச் சாடையாகவேனும் சொல்லியிருக்கின்றனர். "நான் இல்லாட்டி உங்களுக்கு நிம்மதி" என்ற பேச்சு, நித்திரையும் சாப்பாடும் குறைதல், உறவுகளை விட்டு ஒதுங்குதல், குடி கூடுதல், அருமையான பொருட்களைப் பிறருக்குக் கொடுத்தல், விடைபெறுவதுபோற் பேசுதல் ஆகியன கவனிக்கவேண்டிய அடையாளங்கள். நீண்ட துயரத்தின் பின் திடீரென வரும் அமைதியும் சிலவேளை ஆபத்தின் அறிகுறியே. முன்னர் ஒருமுறை முயன்றவர் விடயத்தில் இன்னும் விழிப்பாயிருத்தல் வேண்டும்.

எலியாஸ் கண்ட ஆறுதல்

அரசர் முதலாம் ஆகமம் 19-ம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். ஜெசபேலுக்கு அஞ்சி ஓடிய எலியாஸ் இறைவாக்கினர், பாலைவனத்தில் ஒரு செடியின் கீழ் அமர்ந்து, தமக்குச் சாவு வரவேண்டும் என மன்றாடினார். இறைவன் அவரைக் கண்டிக்கவில்லை. உறங்கவிட்டார், வானதூதரை அனுப்பி, அப்பமும் தண்ணீரும் இருமுறை கொடுத்தார். பின்னர் ஓரேப் மலையில், இங்கே என்ன செய்கிறாய் என இருமுறை கேட்டு, அவர் மனக்குறையை இருமுறையும் சொல்லவிட்டார். தாம் ஒருவரே எஞ்சியிருப்பதாக நினைத்தவருக்கு, இன்னும் ஏழாயிரம் பேர் இருப்பதை உணர்த்தி, எலிசேயுவைத் துணையாகவும் காட்டினார். ஓய்வு, உணவு, கேள்வி, செவிமடுத்தல், துணை: இந்த ஒழுங்கே நமக்கும் போதும்.

நாம் செய்யவேண்டியவை

முதலாவது, தனிமையிற் கூப்பிட்டு நேராகக் கேளுங்கள்: "தம்பி, உயிரை விடவேணும் எண்ட நினைப்பு ஏதும் வருதோ?" கேட்பதனால் அந்த எண்ணத்தை நாம் விதைத்துவிடுவதில்லை. மாறாக, கேட்கப்பட்டவருக்குப் பாரம் இறங்குகின்றது.

இரண்டாவது, பிரசங்கம் செய்யாதீர்கள். "இது பாவம்", "உன்னிலும் கஷ்டப்படுகிறவர்கள் இல்லையோ" என்னும் வார்த்தைகள் வாயை அடைத்துவிடும். அவர் அழுதால் அழட்டும்; பேசினால் பேசட்டும்.

மூன்றாவது, அவரைத் தனியே விடாதீர்கள். கிருமிநாசினி, குளிசை முதலியவற்றை அவர் கைக்கு எட்டாதவாறு அப்புறப்படுத்துங்கள். 1995-ம் ஆண்டளவில் இலங்கையில் இலட்சம் பேருக்கு ஏறக்குறைய 47 பேர் தற்கொலை செய்தனர். கொடிய கிருமிநாசினிகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டபின், இருபது வருடங்களில் அத்தொகை ஏறக்குறைய மூன்றிலொரு பங்காகக் குறைந்தது. சாகவேண்டும் என்ற வேகம் பெரும்பாலும் கடந்து போகும் ஒன்று என்பதை இது காட்டுகின்றது. அந்த நாழிகையைக் கடத்திவிட்டால் உயிர் தப்பும்.

நான்காவது, வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். 1926 என்னும் தேசிய மனநல உதவித் தொலைபேசி இலக்கத்துடனும் பேசலாம். பொலிசுக்கு அஞ்சவேண்டியதில்லை; தற்கொலை முயற்சி 1998-ம் ஆண்டிலிருந்து நம் நாட்டிற் குற்றமன்று. "ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். பாவசங்கீர்த்தன இரகசியம் குருவைக் கட்டும். நண்பனின் வாக்கு உயிரிலும் பெரிதன்று. ஆஸ்பத்திரியால் வந்தபின்னும், முதற் சில மாதங்கள் அடிக்கடி போய்ப் பாருங்கள்.

திருச்சபையின் மனம்

1917-ம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் மனமறிந்து தற்கொலை செய்தோருக்குக் கிறிஸ்தவ அடக்கத்தை மறுத்தது. 1983-ம் ஆண்டுச் சட்டத்தில் அத்தடை இல்லை. உயிர் இறைவனுடையது என்ற போதனை மாறவில்லை. ஆனால் கடும் மனநோயும் அச்சமும் வேதனையும் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்றும், அவருடைய மீட்பைப்பற்றி நாம் நம்பிக்கையிழக்கலாகாது என்றும் 1992-ம் ஆண்டின் மறைக்கல்வி ஏடு படிப்பிக்கின்றது. ஆகவே, அத்தகைய மரணம் நிகழ்ந்த வீட்டின் படலையைக் கடந்து உள்ளே செல்வோம். குசுகுசுத்துக்கொண்டு தெருவில் நிற்பது நமக்கு அழகன்று. நாம் வாய்விட்டுத் தீர்ப்பிடும் ஒவ்வொரு முறையும், கேட்டுக்கொண்டிருக்கும் இன்னொருவர் தம் வேதனையை மறைத்துக்கொள்கின்றார்.

இவ்வாரம் ஒன்று செய்வோம். பூசையில் சில ஞாயிறுகளாகக் காணாத ஒருவரை நினைத்து, அவர் வீட்டுக்குப் போவோம். தேத்தண்ணி குடித்து, ஆறுதலாக இருந்து, கேட்போம். அன்று நான் கேட்கவில்லை. நீங்கள் கேளுங்கள்.