பழைய டிராக்டரில் டைனமோ, வோல்ட் மாற்றம்: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

ஆடி, ஆவணியில் புழுதி உழவு, தையில் நெல் அறுப்பு, நடுநடுவே சீமைக் கருவேலம் விறகு, வலிநோக்கம் உப்பு. ராமநாதபுரம் மாவட்டத்துச் சிக்கல் ஊர்ப் பக்கத்துப் பழைய டிராக்டருக்கு ஓய்வே கிடையாது. பழைய மாஸி பெர்குசனோ, இன்டர்நேஷனல் பி-275ஓ, இன்ஜின் அசராது, எரிவது வயரிங்தான். டைனமோவைக் கழற்றி ஆல்டர்நேட்டர் மாட்டும்போது பாதியை மாற்றி, பாதியை அப்படியே விட்டுவிடுகிறார்கள். கருகுவது அங்கேதான். மாற்றினால் முழு செட்டாக மாற்றுங்கள். இல்லையென்றால் டைனமோவையே சரிசெய்து ஓட்டுங்கள். மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு இன்றே வண்டியிடம் போங்கள்.

செய்ய வேண்டியவை

1. முதலில் வண்டி எத்தனை வோல்ட் என்று பாருங்கள். பேட்டரியில் மூன்று செல் என்றால் 6 வோல்ட், ஆறு செல் என்றால் 12. அமெரிக்காவின் போர்டு 8என் (1947–52) 6 வோல்ட் வண்டி. நம் ஊர் டீசல் வண்டிகள் பெரும்பாலும் 12.

2. பேட்டரியின் எந்த டெர்மினல் பாடியில் எர்த் ஆகிறது என்று குறித்து வையுங்கள். பழைய வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ் எர்த். இன்று கடையில் கிடைக்கும் ஆல்டர்நேட்டர் நெகட்டிவ் எர்த்துக்கு உரியது. மாற்றி மாட்டினால் டயோடு அந்த நொடியே போய்விடும்.

3. டைனமோ போய்விட்டது என்று முடிவுகட்டும் முன் பெல்ட், கார்பன் பிரஷ், கம்யூடேட்டர், கட்அவுட் நான்கையும் சோதியுங்கள். தேய்ந்த பிரஷுக்காக ஆல்டர்நேட்டர் வாங்குவது வீண் செலவு.

4. எர்த்தை மாற்றினால், ஆம்பியர் மீட்டரை வைத்துக்கொள்ளும் வண்டியில் அதன் இரண்டு வயரையும் இடம் மாற்றுங்கள். இல்லையென்றால் சார்ஜ் ஏறும்போது இறங்குவதாகக் காட்டும். டைனமோவையே வைத்துக்கொள்வதாக இருந்தால், அதன் காந்தத்தையும் புது எர்த்துக்கு ஏற்றபடி ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் மாற்றச் சொல்லுங்கள்.

5. ஆல்டர்நேட்டரிலிருந்து பேட்டரிக்குத் தடித்த புது வயர் இழுத்து, பேட்டரி பக்கம் பியூஸ் வையுங்கள். பழைய வயர் டைனமோவின் சுமார் 20 ஆம்பியருக்குப் போட்டது. அதில் ஆல்டர்நேட்டரின் 35 ஆம்பியர் ஓடினால் சூடேறி உருகும்.

6. சார்ஜ் லைட் பல்பை விடாமல் இணையுங்கள். பல ஆல்டர்நேட்டர்கள் அந்த பல்பு வழியாக வரும் கரண்டில்தான் சார்ஜ் கொடுக்கத் தொடங்கும்.

7. 6-லிருந்து 12-க்குப் போனால் பல்பு, ஹாரன் எல்லாவற்றையும் 12-க்கு மாற்றுங்கள். பெட்ரோல் வண்டியில் இக்னிஷன் காயிலையும் மாற்றுங்கள். 6 வோல்ட் பல்பு 12-ல் உடனே எரிந்துபோகும். காயில் மெல்ல வெந்து, நடு வயலில் நிறுத்திவிடும்.

8. இரண்டு புல்லியும் ஒரே நேர்கோட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். கோணலாக ஓடும் பெல்ட் சீக்கிரம் அறும். அளவுக்கு மேல் இறுக்கிய பெல்ட் பேரிங்கைத் தின்னும்.

9. டெர்மினலைச் சுத்தம் செய்து, இறுக்கி, மேலே வாசலின் தடவுங்கள். நம் கடற்கரை உப்புக் காற்றில் செம்பு பச்சை பிடிக்க அதிக நாள் ஆகாது.

செய்யக்கூடாதவை

1. இன்ஜின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றி சார்ஜ் பார்க்காதீர்கள். பேட்டரி இல்லாத ஆல்டர்நேட்டரில் வோல்ட் எகிறி டயோடு வெடிக்கும்.

2. வயரைப் பாடியில் உரசி ஸ்பார்க் பார்க்காதீர்கள். டைனமோ காலத்துப் பழக்கம் அது, ஆல்டர்நேட்டர் தாங்காது.

3. டைனமோவின் பழைய கட்அவுட் பெட்டியை ஆல்டர்நேட்டரோடு சேர்த்து ஓட்டாதீர்கள். ஆல்டர்நேட்டருக்கு அதற்கென்றே செய்த ரெகுலேட்டர் உண்டு. பழைய பெட்டி இடையில் நின்றால் எதுவும் சரியாக வேலை செய்யாது.

4. 6 வோல்ட் டைனமோவை அப்படியே விட்டு, 12 வோல்ட் பேட்டரியை மட்டும் வைக்காதீர்கள். ஏழு வோல்ட் சுமாரில் நிற்கும் சார்ஜ் அந்தப் பேட்டரிக்குள் ஏறவே ஏறாது.

5. 12 வோல்ட் பேட்டரியின் நடு செல்லிலிருந்து 6 வோல்ட் லைட்டுக்கு வயர் எடுக்காதீர்கள். ஒரு பாதி காலியாகும், மறு பாதி அதிகமாகக் கொதிக்கும், பேட்டரி பாழ்.

6. பழைய ஆம்பியர் மீட்டர் வழியாகப் புது ஆல்டர்நேட்டரின் கரண்டை விடாதீர்கள். 20 ஆம்பியர் மீட்டரில் 35 ஓடினால் டேஷ்போர்டிலேயே தீப்பிடிக்கலாம். அதற்குப் பதில் வோல்ட் மீட்டர் மாட்டுங்கள்.

7. லாரியின் 24 வோல்ட்டிலிருந்து ஸ்டார்ட் கொடுக்காதீர்கள். அவசரம் என்றால் லாரியின் இரண்டு பேட்டரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் 12 எடுங்கள்.

8. பேட்டரியையும் ஆல்டர்நேட்டர் வயரையும் கழற்றாமல் வண்டியில் வெல்டிங் வைக்காதீர்கள். கொக்கிக்கு வைத்த வெல்டிங் டயோடைச் சுட்டுவிடும்.

9. பியூஸ் போனால் செம்புக் கம்பியைச் சுற்றாதீர்கள். சார்ஜ் ஏறும் பேட்டரி அருகே பீடி பற்றவைக்காதீர்கள். முதலாவது வண்டியை எரிக்கும், இரண்டாவது முகத்தை.

வேலை முடிந்ததும் ஹெட்லைட்டைப் போட்டு, ஆக்சிலரேட்டரைச் சற்று ஏற்றி, பேட்டரியில் அளந்து பாருங்கள். 12 வோல்ட் வண்டியில் 13.8 முதல் 14.4 வரை காட்டினால் சார்ஜ் சரி. 15-ஐத் தாண்டினால் உடனே நிறுத்துங்கள், பேட்டரி கொதித்துத் தண்ணீர் வற்றும். கடைசியாக, பானட்டின் உள்பக்கம் "12 வோல்ட், நெகட்டிவ் எர்த்" என்று பெயின்டில் எழுதுங்கள். நீங்கள் ஊரில் இல்லாத நாளில் வண்டியைத் திறக்கிறவருக்கு அந்த ஒரு வரிதான் காவல்.