ஒரு மைனஸ் தவறிய இடம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நேற்றிரவு நீ வாட்ஸ்ஆப்பில் அனுப்பிய இன்டெக்ரேஷன் கணக்கைப் பார்த்தேன். எக்ஸ்பொனென்ஷியலும் சைனும் பெருக்கலில் வருவது. இரண்டு முறை ‘பை பார்ட்ஸ்’ போட்டிருக்கிறாய், இரண்டும் சரி. அடைப்புக்குறிக்கு வெளியே நின்ற மைனஸ்தான் உள்ளே இரண்டாவது உறுப்புக்குப் போய்ச் சேரவில்லை. அதனால் இரண்டு பக்கமும் ‘ஐ’ என்று குறித்த இன்டெக்ரலே அடிபட்டு, கண்டுபிடிக்க ஒன்றுமே மிஞ்சாமல் நிற்கிறாய். முறை தெரியாதவன் இப்படித் தவறமாட்டான். அந்த வரியில் போனை எடுத்திருக்கிறாய் என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு எழுத்தின் சாய்வே மாறியிருக்கிறது.

செய்குத்தம்பிப் பாவலர் நூறு வேலையை ஒன்றாகச் செய்யவில்லையா என்று கேட்டாயாம், உன் அம்மா சொன்னாள். கெட்டிக்கார வாதம்தான். 1907-இல் சென்னை விக்டோரியா ஹாலில் அவர் சதாவதானம் செய்தது உண்மை. ஆனால் வெண்பா பாட அந்த மேடையிலா கற்றுக்கொண்டார்? என்றோ ஊறிப்போனதை அங்கே எடுத்து வழங்கினார். நீ இப்போதுதான் கற்கிறாய்.

லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2006-இல் வெளியானது. சீட்டுகளைப் பார்த்து மழையா வெயிலா என்று ஊகிக்கப் பழக்கினார்கள். சில சீட்டுகளுக்கு அது மட்டும், சிலவற்றுக்குக் காதில் விழும் ஒலிகளை எண்ணிக்கொண்டே. ஊகிப்பதில் பெரிய வித்தியாசம் இல்லை. எந்தச் சீட்டு எதைக் காட்டுகிறது என்று பிற்பாடு வேறுவிதமாகக் கேட்டபோதுதான், எண்ணிக்கொண்டே பழகியதில் தடுமாறினார்கள். கவனம் ஒன்றிலேயே இருந்தபோது மூளையில் நினைவைச் சேர்த்து வைக்கும் ஹிப்போகேம்பஸ் கைகொடுத்தது. பிரிந்தபோது, பழக்கத்தைப் பதிக்கும் ஸ்ட்ரியேட்டம். ஆக, படித்த மாதிரியே இருக்கும், கேள்வியைத் திருப்பிப் போட்டால் வராது. பிளஸ் டூவில் திருப்பித்தானே போடுவார்கள்?

கணக்கு ஓடும்போது கை போனைத் தேடாது, சிக்குகிற வரியில்தான் தேடும். அங்கே விடை வராவிட்டாலும் கொஞ்ச நேரம் முழித்துக்கொண்டு உட்கார். போன் அம்மாவிடம் இருக்கட்டும். மேஜைமேல் கவிழ்த்து வைக்கிற கதையெல்லாம் வேண்டாம். பாட்டு கேட்கலாமா என்பாய். தெரிந்த கணக்கைப் போட்டுப் பார்க்கும்போது தாராளமாகக் கேள். நானே இளையராஜா இல்லாமல் விடைத்தாள் திருத்தியவன் இல்லை.

அந்தக் கணக்கை நோட்டைப் பார்க்காமல் வெள்ளைத்தாளில் முதலிலிருந்து போடு. நடுவில் சந்தேகம் வந்தால் எனக்கும் உடனே அனுப்பாதே. ஓரத்தில் குறித்து வைத்து, சாப்பிட்ட பிறகு மொத்தமாகக் கேள். பத்து மணி வரை விழித்திருப்பேன்.

அன்புடன்,
மாமா